கம்ப்ரஸருக்கு நூறு மில்லி எண்ணெய்

மதியம் 12.50. முதலில் கண்ணில் பட்டது 14 என்ற எண். காரின் நடு ஏசி துவாரத்தில் நான் செருகி வைத்திருந்த சின்ன வெப்பமானியில் அது தெரிந்தது. கச்சிராயபாளையம் கடைவீதியைத் தாண்டிக்கொண்டிருந்தோம். வழக்கமாக அந்த இடத்தில் எட்டு காட்டும். வெயில் கடுமையான நாளில் ஒன்பது.

"பதினாலும்மா," என்றாள் என் மகள். எண்ணைப் படித்துச் சொல்வது அவள் வேலை. பின் இருக்கையின் நடுவில் உட்கார்ந்து, இரண்டு முன் இருக்கைகளுக்கும் இடையே தலையை நீட்டிப் படிப்பாள். "வரும்போது எட்டு. போம்போது பதினாலு. ஏசிக்கு ஒடம்பு சரியில்லயா?"

"வெயில் ஜாஸ்தி. அதான்," என்றேன். வெயில் காரணமில்லை என்று தெரிந்தேதான் சொன்னேன்.

அவளுக்கு அப்போது ஏழு வயது. அவளுக்கு வேர்க்காது. பிறக்கும்போதே வேர்வைச் சுரப்பிகள் இல்லை. பல்லும் மொத்தம் நான்குதான், அவையும் கூம்பாக. இரண்டும் ஒரே குறையால் வந்தவை என்று மருத்துவர் விளக்கியிருந்தார். மற்றக் குழந்தைகள் வெயிலில் ஓடினால் நனைந்துபோவார்கள். இவள் காய்ந்தபடியே சூடேறுவாள். ஏறிய சூடு தானாக இறங்க அவள் உடம்பில் வழி இல்லை. காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது. மருத்துவர் எங்களுக்குக் கொடுத்த விதி ஒன்றுதான்: தெர்மாமீட்டர் 102-ஐத் தாண்டினால் மருந்துக் கடையைத் தேட வேண்டாம், தண்ணீரைத் தேடுங்கள்.

அதனால் ஏப்ரல் தொடங்கி ஜூன் நடுவரை கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் ஒரு வாடகை அறையில் இருப்போம். கணவருக்குச் சென்னையில் வேலை. சனிக்கிழமை வருவார். நான் பதினோரு ஆண்டுகள் ஒரு நாளிதழில் மாவட்டச் செய்திகளைத் திருத்தியவள். மகள் பிறந்த பிறகு அதே வேலையை வீட்டிலிருந்து செய்கிறேன். மணி, இடம், எண் மூன்றையும் நோட்டில் குறித்துவைக்கும் பழக்கம் அங்கே வந்தது. இதில் வரும் நேரங்கள் அந்த நோட்டில் உள்ளவை.

மலை ஏறுவதும் இறங்குவதும் எப்போதும் விடியற்காலையில்தான். அன்று தவறியது. பல் செட்டுக்கு அளவெடுக்க முதல் நாள் கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தோம். ஒன்பது மணிக்கு வரச் சொன்ன பல் மருத்துவர் பதினொன்றரைக்குத்தான் விட்டார். மாலை வரை வீட்டில் இருந்துவிட்டுப் போகலாம் என்றால், எங்கள் தெருவுக்கு அன்று மாதாந்திர மின்தடை. கரண்ட் வர ஐந்து மணி ஆகும். ஃபேன்கூட ஓடாத வீட்டைவிட ஏசி ஓடும் கார் மேல் என்று கணக்குப் போட்டேன். 12.20-க்குக் கிளம்பினோம்.

எண்ணெயைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கார் ஏசியின் கம்ப்ரஸருக்கு, என்ஜினுக்கு இருப்பதுபோல் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி கிடையாது. எண்ணெய் கேஸோடு சேர்ந்து குழாய் முழுக்கச் சுற்றிவந்து கம்ப்ரஸரை நனைக்கும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியே நின்று யாரும் சொல்ல முடியாது. எங்கேயாவது கேஸ் கசிந்தால் எண்ணெயும் அதோடு கொஞ்சம் வெளியே போகும். எங்கள் ஊரில் மார்ச் பிறந்தால் 'கேஸ் ஏத்திக்கினு' போவது வழக்கம். கசிவைத் தேடுவதில்லை, எண்ணெயைப் பற்றிக் கேட்பதில்லை. நானும் நான்கு வருடம் அப்படியே கேஸ் ஏற்றினேன். ஐந்தாம் வருடம் பிப்ரவரியில், நான் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தபோது, கம்ப்ரஸர் காய்ந்து இறுகி நின்றுவிட்டது. அதைக் கழற்றிக் கவிழ்த்தபோது சொட்டுச் சொட்டாகக் கறுப்பாக ஏதோ விழுந்தது. ஒரு தேக்கரண்டிகூட இல்லை.

அன்றிலிருந்து எனக்கு எண்ணெய் குறைந்துவிடுமோ என்ற பயம். கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் சாலையில் பட்டறை வைத்திருந்த முப்பது வயதுக்காரர் புது கம்ப்ரஸர் போட்டுக் கொடுத்தார். எங்கள் காரை 'பாப்பா வண்டி' என்பார். அடுத்த ஆண்டு ஒரு ரப்பர் குழாய் கசிந்தது. அப்போது சங்கராபுரத்தில் இருக்கும் இன்னொரு மெக்கானிக் அதை மாற்றினார். இருவரிடமும் நான் கேட்டது ஒரே கேள்வி: "எண்ணெய் போதுமா?" இரண்டு பேரும் தலையாட்டினார்கள். எனக்கு அது போதவில்லை. கேஸோடு எண்ணெய் கலந்து அடைத்த குப்பி இணையத்தில் கிடைத்தது. காரின் ஏசியில் தடித்த குழாயின் வாயில் மாட்டித் திருகினால் உள்ளே போய்விடும். இரண்டு வாங்கினேன். ஒன்றை மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிறுத்தி நானே ஏற்றினேன். இன்னொன்று ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

12.58-க்கு வெப்பமானி 16 காட்டியது. மலையடிவாரத்து அணைக்குப் போகும் சாலையில் இரண்டு பக்கமும் மரவள்ளிக்காடு. 1.05-க்கு 19. அப்போதுதான் சத்தம் கேட்டது. பானட்டுக்குள் யாரோ விரல் கணுவால் தட்டுவதுபோல், விட்டு விட்டு.

திரும்பினால் வீட்டுக்கு நாற்பது நிமிடம், அங்கே கரண்ட் இல்லை. ஏறினால் ஒரு மணி நேரம், ஆனால் ஒவ்வொரு வளைவுக்கும் காற்று குளிரும். 19 என்றாலும் வெளியே இருப்பதில் பாதிதான். ஏறினேன். அது தவறு. ஏற்றத்தில் கார் மெதுவாகப் போகும், முன்பக்கம் காற்று வாங்காது, ஏசிக்கு அதுதான் மிகக் கடினமான நேரம். அதை அன்று நான் யோசிக்கவில்லை.

1.14. மூன்றாவது வளைவு. வெப்பமானி 27. தட்டும் சத்தம் இப்போது விடாமல் வந்தது. என்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளும் பாதியைத் தாண்டியிருந்தது. ஏசியை அணைத்துக் கண்ணாடிகளை இறக்கினேன். உள்ளே வந்த காற்று அடுப்பைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அப்படி இருந்தது.

"இன்னா நெம்பரும்மா?" என்று கேட்டாள். அவளாகப் படிக்கவில்லை. தலை பின்னால் சாய்ந்திருந்தது.

ஓரமாக நிறுத்தி அவள் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தேன். 101.4. காலையில் கொண்டுவந்த இரண்டு பாட்டில் தண்ணீரில் முக்கால் பங்கு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையிலேயே தீர்ந்திருந்தது. மீதியை அவள் பனியனில் ஊற்றினேன். வெந்நீர்போல் இருந்தது. பிறகு இருக்கைக்கு அடியிலிருந்து குப்பியை எடுத்துக்கொண்டு பானட்டைத் திறந்தேன். எண்ணெய் குறைந்துவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குழாய் வாயின் மூடியைக் கழற்றிவிட்டேன்.

"அம்மா, தலை வலிக்குது."

குப்பியைப் பேட்டரி மேல் வைத்துவிட்டு ஓடினேன். 102.3. முகம் சிவந்து, உதடு வறண்டு, நெற்றியில் ஈரம் இல்லை. பானட்டைச் சாத்திவிட்டுக் காரைத் திருப்பினேன். வரும்போது இடதுபுறம், சாலையை ஒட்டி ஒரு பம்புசெட்டைப் பார்த்திருந்தேன்.

1.31-க்கு அங்கே சேர்ந்தோம். ஓடு போட்ட மோட்டார் அறை, அதன் நிழலில் சிமென்ட் தொட்டி. தொட்டியில் ஒரு சாண் தண்ணீர், அடியில் பாசி. பக்கத்தில் புளிய மரத்தடியில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தூக்குவாளியிலிருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் அவர்தான். நான் மகளைத் தூக்கிக்கொண்டு நேராகத் தொட்டிக்குள் இறங்கினேன்.

"யம்மா, இன்னா பண்ற?" என்று எழுந்து வந்தார். குழந்தையின் கையைத் தொட்டுப் பார்த்தார். "கொதிக்குதே. சொரம் அடிக்கிற புள்ளைய தண்ணில வெக்கிறியே, ஜன்னி கண்டுடும். தூக்கு மொதல்ல."

"சொரம் இல்லக்கா. இவளுக்கு வேர்க்காது. பொறந்ததுல இருந்தே. தண்ணி ஊத்துனாத்தான் சூடு எறங்கும். மோட்டார் போடுங்க."

"கரண்ட்டு ரெண்டு மணிக்குத்தான் வரும். அதுவும் வந்தாத்தான்." சொல்லிக்கொண்டே குழந்தையின் கழுத்துக்குப் பின்னாலும் காது மடலிலும் விரல் வைத்துப் பார்த்தார். தன் கழுத்தையும் ஒருமுறை துடைத்து, நனைந்த விரலைப் பார்த்தார். "ஒரு பொட்டு வேர்வ இல்ல," என்றார், எனக்குச் சொல்வதுபோல் இல்லாமல்.

அதன்பிறகு அவர் கேள்வி கேட்கவில்லை. குடத்தில் வைத்திருந்த குடிதண்ணீரைத் தூக்கிவந்து குழந்தையின் தலையில் மெதுவாகச் சாய்த்தார். தலைத்துண்டைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து முதுகில் போர்த்திவிட்டு, முறத்தை எடுத்து விசிறினார். துண்டு காயக் காய மறுபடி நனைத்தார். நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். தொட்டித் தண்ணீரே வெதுவெதுப்பாக இருந்தது.

1.40. 103.1.

புது கம்ப்ரஸர் போட்ட கள்ளக்குறிச்சி மெக்கானிக்கிடம் கைபேசியில் பேசினேன். "தம்பி, ஏசி போச்சு. அணைக்குப் பக்கத்துல பம்புசெட்ல இருக்கோம். பாப்பாவுக்கு நூத்தி மூணு."

"இன்னா சத்தம்க்கா? டக்டக்னா, கீச்சுனா?"

"டக்டக்னு."

"ஏசி போடாதீங்க. எதையும் தொடாதீங்க. நான் பைக்ல வரேன்." சற்று நிறுத்தி, "ஆம்புலன்ஸ் சொல்லிட்டீங்களா?" என்றார்.

சொல்லியிருந்தேன். மலைமேல் ஒரு பிரசவத்துக்குப் போயிருக்கிறது, இறங்கி வர முக்கால் மணி ஆகும் என்றார்கள்.

1.52. 103.4. மகள் கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அந்தப் பெண் விசிறுவதை நிறுத்தவில்லை. "ஏம் பாப்பா," என்று அவள் முகத்துக்கு நேரே குனிந்தார். "என் வூட்டுக்காருக்கு வேர்த்தா மூணு பேருக்கு சேத்து வேர்க்கும். சட்டையப் புழிஞ்சா இந்தத் தொட்டியே ரொம்பும். உனக்குக் கொஞ்சம் வாங்கித் தரட்டா?"

மகள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

இரண்டு மணிக்குக் கரண்ட் வரவில்லை. 2.01, 2.02. மோட்டார் அறையின் சுவரில் இருந்த சிவப்பு விளக்கையே நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். 2.04-க்கு அது எரிந்தது. அந்தப் பெண் ஓடிப்போய் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினார். குழாய் இருமுறை காற்றைத் துப்பிவிட்டு, பிறகு தண்ணீரைக் கொட்டியது. கிணற்றின் அடித் தண்ணீர். குழந்தையை அதன் கீழே பிடித்தேன். அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. பிறகு அழுதாள். அந்த அழுகையின் நேரத்தையும் குறித்திருக்கிறேன்: 2.06.

2.20-க்கு 101.6. 2.35-க்கு 100.2. ஆம்புலன்ஸ் வந்தது, அதில் வந்தவர் பார்த்தார், தண்ணீரிலேயே வைத்திருக்கச் சொன்னார், சற்று நேரம் இருந்துவிட்டு அடுத்த அழைப்புக்குப் போனார்கள். மகள் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பல்லு செட்டு வந்ததும் கரும்பு கடிக்கலாமா?" என்று கேட்டாள்.

"கரும்பு இன்னாத்துக்கு? என் வூட்டுக்காரு காதக் கடி. சொன்னது ஒன்னும் உள்ள போவ மாட்டேங்குது," என்றார் அந்தப் பெண். மகள் சிரித்தாள்.

மெக்கானிக் 2.50-க்கு வந்தார். பைக்கில் கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜ் பெட்டி, ஒரு எண்ணெய் டின், எண்ணெயை உள்ளே தள்ளும் பெரிய ஊசிபோன்ற கருவி. முதலில் குழந்தையைப் பார்த்தார், பிறகு காரை. சாவியை வாங்கிக்கொண்டுபோய் நிழலில் நிறுத்தி, பானட்டைத் திறக்காமலேயே ஒரு நிமிடம் ஏசியைப் போட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"எண்ண கம்மி சத்தம் மாரிதாங்க்கா இருக்குது," என்றார். "ஒரு முப்பது வுட்டுப் பாக்கலாம். வண்டி பாப்பா வண்டி, ரிஸ்க்கு வேணாம்." டின் மூடியைச் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தார். இந்த எண்ணெய் திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று எப்போதும் டேப் சுற்றி வைப்பார். கருவியில் முப்பது மில்லி ஏற்றினார். பிறகு பானட்டைத் தூக்கினார்.

பேட்டரி மேல் குப்பி இருந்தது. குழாய் வாயின் மூடி பக்கத்தில் கிடந்தது.

"இது இன்னாக்கா?"

"எண்ணெய் குப்பி. போட வந்தேன். போடல." அவர் கையில் இருந்த கருவியைப் பார்த்தேன். "ஊத்தாதீங்க தம்பி. இதே மாதிரி ஒன்னு மார்ச்லயே போட்டுட்டேன்."

"யாரு போட்டது?"

"நான்தான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கேஜை மாட்டினார். ஏசியைப் போட்டார். இரண்டு முள்ளும் இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே நின்று நடுங்கின. அணைத்தார். கருவியில் ஏற்றியிருந்த எண்ணெயைத் தரையில் தள்ளிவிட்டு டின்னை மூடினார்.

"நானும் அன்னிக்கு இருவது ஜாஸ்திதாங்க்கா வுட்டேன்," என்றார். "புது கம்ப்ரஸர் உள்ளயே எண்ணயோடதான் வரும். பைப்புல இருந்த பழசுக்கு ஏத்த மாரி கொஞ்சம் எடுத்துட்டுத்தான் மாட்டணும். எடுக்கல. மேல சேத்தேன். வேர்க்காத புள்ளயாச்சேன்னு."

பிறகு சங்கராபுரத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டு, நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, அந்த வெள்ள வண்டிக்கு ஓஸ் பைப்பு மாத்துனியே, எண்ண எவ்ளோ வுட்ட?"

"கணக்கெல்லாம் பாக்கலடா. கொஞ்சம் தாராளமாத்தான் வுட்டேன். அந்தப் புள்ள வண்டிதான அது? ஏன், நல்லா ஓடுதுல்ல?"

"ஓடுதுண்ணே," என்று சொல்லி வைத்துவிட்டார்.

புளிய மரத்தடியில் உட்கார்ந்து எனக்கு விளக்கினார். எண்ணெய் குறைந்தால் இரும்பும் இரும்பும் உரசும். அதிகமானால் கேஸுக்கு இடம் குறையும், கம்ப்ரஸர் அமுக்க முடியாததை அமுக்கப் பார்த்துத் தட்டும், குளிர் குறையும். "பைப்புக்குள்ள பூரா எண்ண பூசிக்கினு இருக்குது. சூடு வெளிய போவ வழியில்ல. அவ்ளோதாங்க்கா."

அந்தப் பெண் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆளாளுக்கு ஊத்துனீங்களே, ஒருத்தராச்சும் மத்தவங்களக் கேட்டீங்களா?" என்றார். அவர் தூக்குவாளியை எடுத்துக் கழுவப் போனார்.

வெயில் தணிந்து 4.40-க்குப் புறப்பட்டோம். ஏசியைப் போடாமல் ஓட்டினால் கம்ப்ரஸர் சும்மா இருக்கும், பயமில்லை என்றார் மெக்கானிக். அப்படியும் மூன்றாவது வளைவு தாண்டும்வரை பைக்கில் பின்னாலேயே வந்தார். கண்ணாடி இறக்கி, மகளுக்கு அந்தப் பெண்ணின் ஈரத் துண்டைப் போர்த்தியிருந்தேன். மலைமேல் கரியாலூரைத் தாண்டும்போது 98.8. வெள்ளிமலை அறைக்குள் நுழைந்தபோது 5.55.

சனிக்கிழமை கணவர் வந்தார். ஞாயிறு விடியற்காலையில் மகளை அவரிடம் விட்டுவிட்டு நான் தனியாகக் காரை இறக்கினேன். பட்டறையில் மெக்கானிக் கம்ப்ரஸரைக் கழற்றினார். அதைக் கவிழ்த்து, கையால் சுற்றிச் சுற்றி எண்ணெயை ஒரு அளவு ஜாடியில் வடித்தார். முன்பக்கக் கண்டென்ஸரையும் குழாய்களையும் நைட்ரஜன் அடித்து ஊதி, வந்ததை அதே ஜாடியில் பிடித்தார். கறுப்பு இல்லை. தெளிவான, லேசான மஞ்சள் நிறம். எண்ணெயில் எந்தக் குற்றமும் இல்லை.

பானட்டின் உள்பக்க ஸ்டிக்கரில் 100 மில்லி என்று அச்சாகியிருந்தது. ஜாடியை என் கண் மட்டத்துக்குப் பிடித்துக் காட்டினார். 182.

புது டின்னைத் திறந்து அளந்தார். 100 என்ற கோட்டைத் தொட்டதும் நிறுத்தினார். அதற்குப் பிறகும் டின் வாயில் ஒரு சொட்டு நின்றது. அதை விரலால் வழித்துத் துணியில் துடைத்தார். எல்லாவற்றையும் மாட்டி, வேக்கம் பிடித்துக் குழாய்க்குள் இருந்த காற்றை உறிஞ்சியெடுத்து, கேஸ் ஏற்றி முடிக்கப் பதினொரு மணி ஆயிற்று. வெள்ளை டேப்பில் மார்க்கரால் 'ஆயில் 100, சேர்க்கக் கூடாது' என்று எழுதி, ஸ்டிக்கருக்குக் கீழே ஒட்டினார். தேதியை என்னைப் போடச் சொன்னார்.

பேட்டரி மேல் இருந்த குப்பியை அவர் எடுத்து வைத்திருந்தார். திரும்பக் கொடுத்தார். வாங்கிய நாளிலிருந்து அதன் லேபிளை நான் முழுதாகப் படித்திருக்கவில்லை. எண்ணெய் குறைந்திருப்பதை மெக்கானிக் உறுதி செய்த பிறகே பயன்படுத்தவும் என்று கடைசி வரியில் இருந்தது.

11.20. வெளியே 38. நடுத் துவாரத்து வெப்பமானி 7.